வாக்கில்லாத மக்களின் உறுப்பினர்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஓகஸ்ட் பிறந்திருக்கும். ஓகஸ்ட் 12, 1953ஆம் ஆண்டின் ஹர்த்தால் நாள். அதற்கு இரண்டு நாள் தள்ளி, 14ஆம் திகதி, கலாநிதி என். எம். பெரேரா 1979இல் மறைந்த நாள். பொரளையில் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. கட்சிக்காரர்கள் கூடி நினைவுகூருவார்கள். தமிழில், அதிலும் தோட்டப்புறத் தமிழில், அவரைப் பற்றி எழுதுவது அருகிப் போய்விட்டது.

அவரை இந்தப் பக்கத்தில் எழுத வைத்தவர்கள் சப்ரகமுவ வாசகர்கள். மலையகம் என்றாலே உங்களுக்கு நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையும்தான் நினைவுக்கு வருகின்றனவா, யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் இரக்வானையிலும் பலாங்கொடையிலும் இருக்கிற நாங்கள் மலையகம் இல்லையா என்று கேட்டு எழுதுகிறீர்கள். நியாயமான கேள்வி. கொழுந்து மலையைப் பற்றி எழுதிய அளவுக்கு இறப்பர் மலையைப் பற்றி நாம் எழுதவில்லை. விடியுமுன் கத்தியோடு இறங்கி மரம் மரமாகப் பால் வெட்டி, மழை வந்தால் அன்றைய பேரையே, அதாவது அன்றைய கூலியையே, இழக்கிற வாழ்க்கை வேறு. நாட்டிலேயே அதிக மழை விழுகிற இடங்களில் ஒன்றில் அந்த வாழ்க்கை நடக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பேரின் அருமை புரியும்.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம் வரும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமம், கிராமத்துக்கு மேலே மறுபடியும் லயம். தமிழர்கள் சிதறி வாழ்கிறார்கள். அதனால் எந்தத் தேர்தல் முறை வந்தாலும் தமக்கென்று ஒருவரைத் தெரிவு செய்வது கடினம். அவர்களுக்காகச் சபையில் யார் பேசினார்கள் என்று பழைய பக்கங்களைப் புரட்டினால், முதலில் எதிர்ப்படுகிறவர் கொழும்பில் பிறந்த இந்தச் சிங்களவர். 1936இல் அரசாங்க சபைக்குள் நுழைந்து, சிறைவாசமும் தலைமறைவும் தின்ற ஆண்டுகள் போக, 1977 வரை சட்டசபையில் இருந்தவர். அவ்வளவு காலமும் கேகாலை மாவட்டத்தின் களனிப் பள்ளத்தாக்குதான் அவரை அனுப்பியது. முதலில் ருவன்வெல்லை, 1960இலிருந்து யட்டியாந்தோட்டை.

நாணயக்காரபத்திரகே மார்ட்டின் பெரேரா 1905 ஜூன் 6ஆம் திகதி கிராண்ட்பாஸில் பிறந்தார். ஆனந்தாக் கல்லூரி, பிறகு கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரி, அங்கிருந்து லண்டன் பொருளியல் பள்ளி. அங்கே ஆசிரியராக வாய்த்தவர் ஹரோல்ட் லாஸ்கி. வி. கே. கிருஷ்ண மேனனுக்கும் அவர்தான் ஆசிரியர். ஜெர்மனியின் வைமார் அரசியலமைப்பை ஆராய்ந்து என். எம். கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பிறகு பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளின் பாராளுமன்ற நடைமுறைகளை ஒப்பிட்டு எழுதி, லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்தையும் வாங்கினார். அவர் நாடு திரும்பிய 1933ஆம் ஆண்டில்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அந்த வைமார் அமைப்பைத் தகர்த்தான். ஒரு நல்ல அரசியலமைப்பு எப்படிச் சாகிறது என்பதைப் பாடமாகப் படித்துவிட்டு வந்த இளைஞர் இவர். பதினைந்து வருடம் கழித்து அவர் பேசிய ஒரு பேச்சுக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த கையோடு பெரிய பதவி எதையும் தேடி அவர் போகவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இலங்கையைச் சூறையாடியது. சில மாதங்களில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட இடங்களில் கேகாலை ஒன்று. போர் நினைவு நாளில் பொப்பிப் பூவுக்குப் பதிலாகப் பூவரசம்பூ விற்று ஏகாதிபத்தியத்தை எதிர்த்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க தலைமையில் களனிப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அவர்களோடு என். எம்.மும் போனார். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள், பசிதான் அந்த ஜனங்களைப் பாதி கொன்றிருந்தது என்பதைக் கண்டுகொண்டார்கள். மாமைட்டை உருண்டை பிடித்து, நாட்டு வைத்தியரின் குளிசை போலக் கொடுத்தார்கள். பருப்புப் பங்கிட்டார்கள். பருப்பு மாத்தயா என்று என். எம்.முக்குச் சிங்களத்தில் பெயர் விழுந்தது அப்படித்தான். லண்டனில் இரட்டைப் பட்டம் வாங்கியவருக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. அவருக்குக் கிடைத்த பட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1935 டிசம்பர் 18ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி உருவானது. பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன, என். எம். எல்லோரும் முப்பதை ஒட்டிய வயதினர். அடுத்த வருடத்துத் தேர்தலில் பிலிப் அவிசாவளையிலும் என். எம். ருவன்வெல்லையிலும் வென்றார்கள். ருவன்வெல்லை மீதெனிய, மொலமுரே குடும்பங்களின் கோட்டையாக இருந்த தொகுதி. இலங்கையின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் அடலின் மொலமுரே 1931 இடைத்தேர்தலில் வென்றதும் அங்கேதான். நிலமும் பெயரும் இருந்தவர்களின் இடத்தை, மலேரியாக் காலத்தில் பருப்பு மூட்டை தூக்கி வந்தவருக்கு அந்த ஜனங்கள் கொடுத்தார்கள்.

தோட்டத்துக்குள் போவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. தோட்டம் தனியார் சொத்து. தொரையின் அனுமதி இல்லாமல் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. கூட்டம் போடுவதானால் பெருந்தெருவில், கடைத்தெருவில், இரவில். யார் யார் போனார்கள் என்று மறுநாள் பெரட்டுக் களத்தில் கணக்கெடுப்பார்கள். பெயர் தெரிந்தவனுக்குப் பற்றுச்சீட்டு, அதாவது வேலை போய் லயக் காம்பராவும் போய் நடுத்தெரு. இந்தச் சூழலில்தான் சமசமாஜக் கட்சி தமிழில் ‘சமதர்மம்’ பத்திரிகை நடத்தியது. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கமும் கட்டியது.

1937இல் நடந்த பிரேஸ்கேர்டல் விவகாரத்தை நம் பெரியவர்கள் கதையாகவே சொல்வார்கள். மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல், அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கெலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குத் தொழில் பழக வந்த இளம் சின்னத்துரை. தொழிலாளரை நடத்துகிற விதம் பொறுக்காமல் தொரைமார் பக்கத்தை விட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தவர். அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் மேடையில் இருக்க, அந்த வெள்ளைக்காரத் தோழரைத் தோட்ட மக்களுக்கு அறிமுகப்படுத்தியவர் என். எம்.தான். ஒரு வெள்ளைக்காரன் மேடையேறித் தொரைமாரைச் சாடிப் பேசுவதை அந்த மக்கள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள். தொரைமார் சங்கம் பதறியது. ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் உத்தரவு போட்டார். அமைச்சர்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று அரசாங்க சபையில் கண்டனத் தீர்மானம் வந்தது. 34 வாக்குக்கு 7 வாக்கு என்ற கணக்கில் அது நிறைவேறியது. உயர் நீதிமன்றம் பிரேஸ்கேர்டலை விடுவித்தது. சபையில் இரண்டே பேராக இருந்த ஒரு கட்சி ஆளுநரையே தலைகுனிய வைத்த சம்பவம் அது.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தப் போராட்டத்தின் பின்னால் இருந்தது சமசமாஜக் கட்சியின் சங்கம். விசாரணையில் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின். முல்லோயா கிளப்பிய சிக்கல் ஆளுநருக்கும் அமைச்சர் சபைக்கும் இடையில் மோதலாக மாறி, அமைச்சர்கள் பதவி விலகும் வரை போனது. ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பின் ஆட்சியை அசைத்தது அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஜூனில் யுத்த எதிர்ப்புக்காக என். எம்., பிலிப், கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் பிடித்து அடைத்தார்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அந்த வாரத்தில், கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பி, பிறகு இந்தியாவுக்குக் கடந்தார்கள். 1943இல் பம்பாயில் பிடிபட்ட என். எம்.முக்கு யுத்தம் முடியும்வரை மறுபடியும் சிறை. விரிவாக எழுதினால் ஒரு நாவலே வரும். நான் வர வேண்டிய இடம் 1948.

1947 தேர்தலில் தோட்ட மக்களுக்கு வாக்கு இருந்தது. எல்லோருக்கும் இல்லை, 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோதே இந்தியத் தமிழருக்கு வதிவிட நிபந்தனை வைத்திருந்தார்கள். ஆனாலும் பெருந்தொகையானோர் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அந்த ஏழில் சப்ரகமுவத் தொகுதி ஒன்றுகூட இல்லை. சப்ரகமுவத் தோட்ட வாக்கு பெரும்பாலும் இடதுசாரிகளுக்குப் போனது. களனிப் பள்ளத்தாக்கில் அது என். எம்.முக்குப் போனது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற அரசாங்கத்துக்கு அந்த வாக்கு எவ்வளவு கண்ணை உறுத்தியது என்பதை அடுத்து வந்த சட்டங்களே காட்டிவிட்டன.

அந்தத் தேர்தலுக்கு முந்திய ஆண்டில் கேகாலை மாவட்டத்தில் ஒரு முன்னறிவிப்பு நடந்தது. நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் எடுத்தது. அங்கே தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். 1946இல் அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸின் கீழ் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிலமில்லாத சிங்கள விவசாயிக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதை நிலமே இல்லாத இன்னொரு கூலியின் லயத்திலிருந்து பிடுங்கிக் கொடுப்பதுதான் வழி என்று ஆட்சியாளர்கள் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தின் நாடளாவிய வடிவம்தான் 1948.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது பிறப்பத்தாட்சி. உன்னுடையது போதாது; இலங்கையில் பிறந்தவனாக இருந்தாலும், உன் தகப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் கடதாசி எழுதி வைத்தார்கள்? காடழித்துக் கோப்பி போட்ட தலைமுறையிடம் பூட்டன் பிறந்த பதிவைக் கேட்பது, கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கடலில் எறிந்த மாதிரி.

அந்த மசோதா விவாதத்தில் என். எம். பேசியதை இப்போதும் படிக்கலாம், ஹன்சார்ட்டில் இருக்கிறது. இந்த மாதிரி இனவாதம் ஹூஸ்டன் சேம்பர்லினோடும் ஹிட்லரோடும் செத்துவிட்டது என்று தான் எண்ணியிருந்ததாகச் சொன்னார். கடவுள் தெரிந்தெடுத்த இனம் நாம் மட்டுமே, இந்த நாட்டில் பிரஜையாக இருக்கும் உரிமை நமக்கு மட்டுமே என்பதுபோல நடக்க முடியாது என்றார். வைமார் குடியரசு விழுந்ததைப் படித்தவர் அந்தப் பெயர்களை மேடை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது என்பது அப்போது உலகம் அறிந்த மூன்று வருடக் காயம்.

அவர் எந்தத் தொகுதியிலிருந்து பேசினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ருவன்வெல்லையில் சிங்கள வாக்காளர் பெரும்பான்மை. நிலப்பசி உள்ள கிராமங்கள். தோட்டக்காரனை வெளியேற்றினால் நிலம் கிடைக்கும் என்று அந்தக் கிராமங்களுக்கு ஆசை காட்டப்பட்ட நேரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு நட்டமில்லை. அவர் பேசினார். பேசிய பிறகும் 1952இலும் 1956இலும் அந்தச் சிங்களக் கிராமங்களே அவரைத் திரும்ப அனுப்பின. அந்தக் கிராமத்து மனிதர்களுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். இனத்தைச் சொன்னால்தான் சிங்களவர் வாக்குப் போடுவார்கள் என்பது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

சட்டம் நிறைவேறியது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. அதே ஆண்டு தேர்தல் திருத்தச் சட்டமும் வந்து, பிரஜை அல்லாதவர் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

இதன்பிறகு ஒரு விநோதமான நிலைமை உருவானது. என். எம்.மின் தொகுதிக்குள் ஆயிரக்கணக்கான தோட்ட மக்கள் வாழ்ந்தார்கள். அவர் கட்சியின் லங்கா தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள். மே தினத்துக்குச் செங்கொடி பிடித்து நடந்தார்கள். தேர்தல் நாளில் மட்டும் லயத்து வாசலில் உட்கார்ந்து, கிராமத்தார் வாக்குப் போடப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உறுப்பினருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. கெட்ட எண்ணத்தால் வந்த தேவையின்மை இல்லை இது, கணக்கால் வந்தது. ஒரு மக்களிடமிருந்து வாக்கைப் பறித்தால், அவர்களுக்காகப் பேசுகிற நல்லவரிடமிருந்தும் அவர்களை மெல்ல மெல்லப் பிரித்துவிடலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் செய்த ஆழமான கெடுதி இதுதான் என்பது என் துணிபு. என். எம்.மின் பிற்கால வாழ்க்கை அதற்கு ஆகப் பெரிய சாட்சி.

உடனே மாறிவிடவில்லை. 1953இல் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியபோது நாட்டை நிறுத்திய ஹர்த்தாலின் முன்னணியில் அவர் இருந்தார். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியதும், பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகியதும் அதன் விளைவு. 1954இலிருந்து இரண்டு ஆண்டுகள் கொழும்பு மாநகர முதல்வர். 1955இல், சிங்களம் மட்டும் என்ற அலை எழும்பும்போது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து கேட்டுப் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். அந்தக் கொள்கைக்காக அவர் கட்சிக் கூட்டம் கொழும்பில் கல்லெறி வாங்கிக் கலைந்தது. 1956இலிருந்து 1959 வரை எதிர்க்கட்சித் தலைவர். பாராளுமன்ற நடைமுறையைக் கரைத்துக் குடித்தவர் என்பதால், அவர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினால் சபை கூர்ந்து கேட்கும்.

1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. என். எம். நிதியமைச்சர். கட்சி உடைந்தது. எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு போன்றவர்கள் வெளியேறினார்கள். கட்சி அங்கம் வகித்த ட்ரொட்ஸ்கியச் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலம் அதை விலக்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அமைச்சரவையில் என். எம். இருந்தார். எதிர்த்து விலகவில்லை.

1948இல் அப்படிப் பேசியவர் 1964இல் எப்படிப் பொறுத்திருந்தார் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். நாடற்ற நிலைக்கு ஏதாவது ஒரு முடிவு கிடைக்கட்டும் என்று எண்ணியிருக்கலாம். பதவியில் இருந்தால்தான் ஏழைக்கு ஏதாவது செய்யலாம் என்று நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கை பொய்யானதும் இல்லை. இருந்தாலும் எனக்குச் சமாதானம் வரவில்லை. களனிப் பள்ளத்தாக்கின் லயங்களிலிருந்து ட்ரங்குப் பெட்டியோடு புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்த குடும்பங்களை நினைத்தால், அந்த மௌனம் அவருடைய நீண்ட பொதுவாழ்வின் ஆகப் பெரிய குறை என்றுதான் சொல்வேன். 1966இல் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் அவர் கட்சியும் சேர்ந்து நின்றது இன்னொரு வேதனை. சம அந்தஸ்து கேட்டுக் கல்லடி பட்ட அதே கட்சி!

1970இல் மறுபடியும் நிதியமைச்சர். இந்த முறை ஐந்து ஆண்டுகள். பெருந்தோட்டத்துறை அமைச்சு கொல்வினிடம். முல்லோயாக் காலத்துத் தோழர்கள் இருவரிடமும் நாட்டின் கஜானாவும் தோட்டங்களும் வந்து சேர்ந்தன. எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும்! வந்தது பஞ்சம். எண்ணெய் விலை ஏறியது, உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அந்நியச் செலாவணி வற்றியது, கூப்பன் அரிசியை வெட்டினார்கள். கிராமத்துக்காரனுக்கு ஒரு துண்டு மரவள்ளித் தோட்டமாவது இருந்தது. லயத்துக்காரனுக்குக் காம்பராவுக்கு முன்னால் ஒரு முழம் நிலமும் சொந்தமில்லை. வேலை நாட்களும் குறைந்தன. 1973, 1974இல் தோட்டங்களில் பசிச் சாவு விழுந்தது. மரண வீதம் ஏறியது புள்ளிவிபரத்திலேயே தெரியும். நம் வீடுகளில் இன்றும் அந்த ஆண்டுகளைப் பஞ்ச காலம் என்றுதான் சொல்கிறோம். கேகாலை மலேரியாவில் பருப்புப் பங்கிட்டவர் நிதியமைச்சராக இருந்த காலத்தில் இது நடந்தது. உலக விலைவாசி அவர் கையில் இல்லை என்பது உண்மை. நிலமில்லாதவனுக்கு எவ்வளவு அரிசி போக வேண்டும் என்பது அமைச்சரவையின் கையில் இருந்தது என்பதும் உண்மை. அவர்களுக்கு வாக்கு இருந்திருந்தால் அந்தக் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. சமசமாஜக் கட்சி பிறந்த நாளிலிருந்து கேட்டுவந்த காரியம். எடுக்கப்போகிற தோட்டங்களை யார் நிர்வகிப்பது, கொல்வினின் அமைச்சா, காணி அமைச்சா என்ற பிணக்கில் கூட்டணி கசந்தது. அந்த ஓகஸ்ட் ஹர்த்தால் நினைவுக் கூட்டத்தில் என். எம். பேசிய பேச்சு பிரதமருக்குப் பொறுக்கவில்லை. செப்டெம்பர் தொடக்கத்தில் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் யட்டியாந்தோட்டை அவரைக் கைவிட்டது. வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் வின்சன்ட் பெரேரா. சமசமாஜக் கட்சிக்கு நாடு முழுவதிலும் ஓர் ஆசனம்கூட இல்லை. தோற்றவர் வீட்டில் முடங்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரி வரியாக அலசி ஒரு நூல் எழுதினார். நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒரு மனிதனிடம் எவ்வளவு அதிகாரத்தைக் குவிக்கிறது என்று அதில் எச்சரித்தார். இளமையில் வைமாரைப் படித்த மாணவர் கடைசியாக எழுதிய பாடம் அது. அடுத்த ஆண்டு மறைந்தார்.

1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்கள் எரிந்தன. 1981இல் இரத்தினபுரி மாவட்டம்தான் அதிகம் பட்டது. காவத்தை, பலாங்கொடைப் பக்கத்துக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் ஓடின. அந்த நாட்களில் அவர்களுக்காகச் சபையில் எழுந்து நிற்க யட்டியாந்தோட்டையின் பழைய உறுப்பினர் இல்லை.

நாடற்ற நிலை தீர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கு வந்தது; சிதறிய வாக்கு. 2012 சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில் மலையகக் கட்சிகள் பகை மறந்து சேவல் சின்னத்தில் ஒன்றாக நின்றபோது, இரத்தினபுரியில் ஒன்றும் கேகாலையில் ஒன்றுமாக இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. சேர்ந்தால் முடியும் என்று காட்டிய தேர்தல் அது. அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன்பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனார், பிரதி அமைச்சருமானார். கட்சி எதுவானாலும், அவருக்கு விழுந்த வாக்குகளில் லயத்து வாக்கும் சேர்ந்திருக்கிறது. அந்த வாக்கை வைத்து அவரிடம் கணக்குக் கேட்கலாம். நம் தாத்தாமார் என். எம்.மிடம் கேட்க முடியாமல் போன கணக்கு அது. வீட்டுக்கும் நிலத்துக்கும், கேகாலையில் மண்சரிவு அபாயத்தில் உள்ள லயங்களுக்கும் இப்போதே கேளுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. லங்கா தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் தலைவராகவோ மாதர் தலைவியாகவோ இருந்த பெரியவர்கள் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய பக்கங்களில் இன்னமும் இருப்பார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். பேத்தி பேரன்மார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். கூட்டம் எங்கே போட்டார்கள், யார் தமிழில் மொழிபெயர்த்தார்கள், பஞ்ச காலத்தில் எதைத் தின்றார்கள், கப்பலேறியவர்களுக்கு யார் ஸ்டேஷன் வரை போனார்கள். கேட்டபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சந்தாப் புத்தகம், மே தினப் படம், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல் இருந்தால் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். மூலத்தைத் தபாலில் போட வேண்டாம். பத்திரமாக வீட்டிலேயே வையுங்கள். வருகிறவற்றைக் கொண்டு அடுத்த மாதம் தொடங்கி நான்கு பக்கம் சப்ரகமுவாவுக்கென்று ஒதுக்குகிறோம். என். எம்.மை நேரில் கண்டவர்கள் அவரைப் பற்றி என்னோடு முரண்பட்டு எழுதினாலும் அப்படியே வெளியிடுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்